‘நுண்ணுயிர் எதிர்ப்பி’யா, ‘நுண்ணுயிரடக்கி’யா?

அன்புடையீர், வணக்கம்.

கடலடிப் பாக்டீரியா உண்டாக்கும் சேர்மங்களுக்கு ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்ற சொல்லே போதும் என்னும் கருத்தை ஏற்கத் தயங்குகிறேன். அச்சொல் ஆன்டிபயாட்டிக்குக்கு ஏற்கெனவே வழங்குகிறது என்பது ஒருபுறமிருக்க, ‘எதிர்ப்பு’ இரண்டு பக்கமும் பாயும் சொல்லாக இருப்பதே என் முதன்மையான தடை. மருந்து கிருமிக்கு எதிராகச் செயற்படுவதும் எதிர்ப்பு; கிருமி மருந்தைத் தாங்கி நிற்பதும் எதிர்ப்பு. ‘நுண்ணுயிர் எதிர்ப்பு பெருகுகிறது’ என்ற வரியைப் படிப்பவருக்கு அது நற்செய்தியா, எச்சரிக்கையா என்பது விளங்காது. தெளிவாக்க முயன்றால் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று தடுமாற நேர்கிறது.

ஆகவே ‘நுண்ணுயிரடக்கி’ என்பதை முன்வைக்கிறேன். காய்ச்சல் மருந்துக்கு அடங்கியது, அடங்கவில்லை என்றுதானே நாம் பேசுகிறோம்? ‘நுண்ணுயிர்க்கொல்லி’ எனலாமே என்றால், ‘கொல்லி’ பூச்சிக்கொல்லியால் பழகிய ஈறுதான். ஆனால் இச்சேர்மங்களுள் சில கிருமியைக் கொல்லாமல் அதன் வளர்ச்சியை மட்டும் நிறுத்துவன. ஜப்பான் கடலில் 289 மீட்டர் ஆழத்துப் படிவிலிருந்து பிரித்தெடுத்த வெருகோசிஸ்போரா என்ற பாக்டீரியா தரும் அபிசோமைசின் சி, கிருமி தனக்கு வேண்டிய ஃபோலேட் என்ற வைட்டமினை ஆக்கிக்கொள்ளும் வழியில் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் உருவாகும் படியை அடைத்துவிடுகிறது. மனிதர் ஃபோலேட்டை உணவிலிருந்தே பெறுவதால் அந்த வழி நம் உடலில் இல்லை. மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியும் இதற்கு அடங்குகிறது. ‘அடங்காத’ என்ற எதிர்மறை தானாகவே வந்து பொருந்துவதைப் பாருங்கள்.

கடலடியில் படிந்து கிடக்கும் மண்ணைக் குறிக்க ‘வண்டல்’ வேண்டாம், அது ஆறு கொண்டுவரும் வளமண்ணையே நினைவூட்டுகிறது. படிவுப்பாறை என்ற சொல் இருப்பதால் ‘கடற்படிவு’ போதும்.

இன்னொன்றையும் பிரித்தாள வேண்டும். பஹாமாசுக் கடற்படிவில் கிடைத்த சாலினிஸ்போரா தரும் சாலினோஸ்போரமைடு ஏ, புற்றுநோய்க்கு எதிராக ஆராயப்பட்ட சேர்மம். எனவே பிறப்பிடத்தைக் குறிக்கக் ‘கடற்படிவுச் சேர்மம்’ என்றும், செயலைக் குறிக்க மட்டுமே ‘நுண்ணுயிரடக்கி’ என்றும் ஆள்வோம்.

உறுப்பு மாற்றத்துக்குப்பின் தரும் மருந்தை ‘நோயெதிர்ப்பு அடக்கி’ என்று எழுதுவது இதனோடு முரணுமோ என்ற ஐயம் எனக்கு எஞ்சியுள்ளது. முன்னிற்கும் சொல்லே வேறுபாட்டைக் காட்டிவிடும் என்று கருதுகிறேன். மருத்துவத் துறையினர் மாறுபட்டால் காரணத்துடன் எழுத வேண்டுகிறேன்.