மறுமொழி: வயிற்றில் காத்திருக்கும் கருவுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை வகுப்புக்குப் பாடத்தை அச்செடுக்க வேண்டும். தாய் வாலபியின் வயிற்றில் வளராமல் காத்திருக்கும் கருவின் நிலைக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டிருந்தேன், அது இன்னும் முடிவாகவில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் எங்கள் விக்டோரியா மாநிலத்தில் தூரிகைவால் பாறை வாலபி அழியும் நிலையில் இருக்கிறது. கங்காரு இனம்தான், உருவத்தில் சிறியது. தோலுக்காகச் சுட்டுக் கொன்றார்கள்; மிஞ்சியதை ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த நரி தின்றது. கிழக்கு கிப்ஸ்லாந்தின் லிட்டில் ரிவர் பள்ளத்தாக்கில் கொஞ்சம் தப்பியது.

குட்டி ஈன்ற கையோடு தாய் மறுபடி இணைசேரும். பையில் இருக்கும் குட்டி பால் குடிக்கிற வரைக்கும் வயிற்றில் உள்ள அடுத்த கரு நூறு செல் அளவில் அப்படியே நின்றுவிடும். பால்குடி நின்றால் மறுபடி வளரத் தொடங்கி, சுமார் ஒரு மாதத்தில் பிறக்கும். காப்பகத்தார் கையாளும் வழியே இதுதான். அவரைக்கொட்டை அளவில், கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் இருக்கும் குட்டியைக் காம்பிலிருந்து மெல்ல எடுத்து, மஞ்சள்கால் பாறை வாலபியின் பையில் சேர்ப்பார்கள். அங்கே புதுக் காம்பைக் கவ்விக்கொண்டால் பிழைத்தது. இங்கே தாயின் வயிற்றில் நின்றிருந்த கரு வளர ஆரம்பிக்கும். ஆண்டுக்கு ஒரு குட்டி என்பது பல குட்டிகள் ஆகும். கூண்டில் பெருக்கிய வாலபிகளை 2008 முதல் கிராம்பியன்ஸ் மலையில் விட்டார்கள். ஆகவே, நான் கேட்கும் சொல்தான் பாடத்துக்கே அச்சாணி.

இனி, நீங்கள் தந்த சொற்கள்.

> கருத்தேக்கம் என்றே வைக்கலாம்.

கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். ஒரு பையன் ‘கருத்து ஏக்கம்’ என்று பிரித்தான். அவன் மேல் தப்பில்லை, புணர்ச்சி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கருத்துயிலும் அப்படியே, ‘கருத்து உயில்’ ஆகிவிடுகிறது. கருநிறுத்தம் வேண்டவே வேண்டாம். பெற்றோர் கருக்கலைப்பு என்று நினைப்பார்கள்.

> அறிதுயில் இருக்க வேறு சொல் எதற்கு?

அழகான சொல், ஐயா. ஆனால் அது பாம்பணையில் கிடக்கும் திருமாலின் துயில். எல்லாம் அறிந்துகொண்டே உறங்குவது. நூறு செல்லுக்கு அறிவு ஏது?

> எங்கட பிள்ளையளுக்கு உறக்கம் விளங்காது. நித்திரைதான் விளங்கும்.

யாழ்ப்பாணத்து அக்கா சொல்வது என் வகுப்பில் பாதிப் பேருக்கு உண்மை. ‘நித்திரை வடசொல்’ என்று அதற்கு எழுந்த எதிர்ப்பு எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டில் அம்மா சொல்லும் சொல்லை அந்நியம் என்று குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

இருந்தாலும் நான் ‘கரு உறக்கம்’ பக்கம்தான். விதை உறக்கம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் ஊரில் நிலக்கடலையில் கொத்துக்கடலையைப் பறிக்கத் தாமதமாகி மழை பிடித்தால், மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். கொடிக்கடலை அவ்வளவு சீக்கிரம் முளைக்காது. அதற்கு விதை உறக்கம் உண்டு. காலம் பார்த்துக் காத்திருக்கும் உயிர் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

உடம்படுமெய் சேர்த்துக் கருவுறக்கம் என்று எழுதுவதே முறை என்று ஐயா மூன்று மடல் எழுதினார். இலக்கணம் அவர் பக்கம். ஆனால் சேர்த்து எழுதினால் பிள்ளைகள் ‘கருவுற’ என்று தொடங்கிக் கருத்தரித்தலுக்குப் போய்விடுகிறார்கள். இடம் விட்டே அச்சிடுகிறேன். ஆறு பேர் சரி என்றீர்கள், ஐயா இன்னும் ஒப்பவில்லை. பக்கத்து அடைப்புக்குள் ‘கரு நித்திரை’யும் இருக்கும், அக்கா.

பெற்ற வாலபிக்கு நற்றாய், பையில் ஏற்ற வாலபிக்குச் செவிலித்தாய். இவற்றுக்கு இதுவரை யாரும் மறுப்பு எழுதவில்லை. வெள்ளி இரவுக்குள் எழுதினால் திருத்த முடியும்.