தேய்ந்த டைப்ரைட்டர் எழுத்துரு: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூர், பிரிண்டிங் பட்டறை:
பனியனில் இந்தப் பழைய டைப்ரைட்டர் எழுத்தைக் கேட்டு வருகிறவர்கள் குறையவே இல்லைங்க. கம்ப்யூட்டரில் பார்க்க அருமை, பிரிண்ட் அடிக்கிற வலை ஸ்கிரீனுக்குப் போனால்தான் வேலையைக் காட்டும். எழுத்துக்குள் இருக்கிற பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகள் ஸ்கிரீனைக் கழுவும்போதே, வலையில் பூசிய எமல்ஷன் என்கிற பூச்சோடு உதிர்ந்துவிடும். வெளியே தெறித்த மாதிரி இருக்கும் கறுப்புப் புள்ளிகளையோ எங்கள் மாஸ்டர் தூசி விழுந்த ஓட்டை என்று நினைத்து ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வேலையே அதுதானே! இப்போது நெஞ்சில் பெரிதாக வரும் வரிக்கு மட்டும்தான் இது. துவைக்கிற முறையைப் பொடி எழுத்தில் போடும் வாஷ்கேர் லேபிள் பக்கமே விடுவதில்லை.

ஈரோடு:
எங்கள் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார், அதனால் இந்த எழுத்துருக்களைப் பார்த்தாலே கண் குறையைத்தான் தேடும். ஆங்கில ‘ஓ’வின் குழிக்குள் ரிப்பன் மையும் நூல் தூசியும் அடைத்துக் கறுப்பு உருண்டையாக விழும், குண்டூசியால் நோண்டி எடுப்போம். அச்சு மூக்கு உடைந்திருந்தால் எல்லாத் தடவையும் அதே இடத்தில்தான் உடைந்து விழும், அது சரி. ஆனால் மை அப்படியா? இடது சுண்டுவிரலில் அடிக்கிற ‘ஏ’ லோயர் பரீட்சைக்குப் பழகும் பிள்ளைகளுக்கு எப்போதும் மங்கல்தான். எழுத்துருவில் பக்கத்துப் பக்கத்து ‘ஓ’ இரண்டிலும் ஒரே கறை இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வைத்து மாற்றி மாற்றிப் போடுகிற எழுத்துருவாகப் பார்த்து வாங்குங்கள். எரிக் வான் பிளாக்லேண்ட் 1991இல் வெளியிட்ட டிரிக்ஸி எழுத்துரு நிஜ மெஷினில் அடித்ததிலிருந்தே எடுத்தது, அந்த அழுக்கு அழுக்காகவே இருக்கும்.

கோவை, டிசைனர்:
அண்ணா சொல்வது சரி. அழுக்கு வேண்டாம், சாயல் போதும் என்றால் 1974இல் வந்த ‘அமெரிக்கன் டைப்ரைட்டர்’ எழுத்துரு இருக்கிறது. எனக்குத் தலைவலி வேறு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக்கடை மெனுவுக்கு இலவசமாகக் கிடைக்கிற ஸ்பெஷல் எலைட் எழுத்துருவைப் போட்டேன், அதில் தமிழே கிடையாது. பக்கத்தில் வந்த தமிழ், காரை பெயர்ந்த சுவரில் ஒட்டிய புது டைல்ஸ் மாதிரிப் பளபளவென்று துருத்திக்கொண்டு நின்றது. அப்புறம் தமிழ் மெஷின் இருக்கும் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் பலகாரப் பெயர்களை அடித்து வாங்கி ஸ்கேன் செய்தேன். மெய்யெழுத்துப் புள்ளி சில இடத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ‘பன்’னின் தலைக்கு மேல் பாதி தேய்ந்து... கடைக்காரருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

திருப்பூர், பிரிண்டிங் பட்டறை:
ஏனுங்க, அந்த இன்ஸ்டிட்யூட் இன்னும் நடக்குதுங்களா? எங்களுக்கு ஒரு தமிழ் டீஷர்ட் ஆர்டர் நிற்குது.