நீச்சல் பயம் போக ஒரு கதைப் புத்தகம் வேண்டும்

வணக்கம். நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை நடக்கிற தூரம்தான், ஆனால் என் 6 வயது மகளுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். தலைக்கு ஊற்றினால்கூட அழுகிறாள். 2004 சுனாமியைப் பற்றிப் பெரியவர்கள் அவள் காதுபடப் பேசியதும் ஒரு காரணமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீச்சல் வகுப்பில் விட்டோம். முதல் நாளே தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வர மறுக்கிறாள்.

முதலில் முகம் நனைத்து, தண்ணீருக்குள் மூச்சுவிட்டுக் குமிழி ஊதி, அப்புறம் மிதக்கப் பழகும் குழந்தையின் கதை தமிழில் இருக்கிறதா? பயப்படுகிற பிள்ளையைக் கேலி செய்யாத கதையாக இருக்கணும், அதுதான் முக்கியம். தூலிகா, பிரதம் புக்ஸ் வெளியீடுகளில் இருந்தாலும் சொல்லுங்கள். கடலூரிலோ புதுச்சேரியிலோ கிடைத்தால் நாளைக்கே போய் வாங்கிவிடுவேன்.