வேலூரில் வளர்ப்பு நாய்களுக்குத் தனிப் பூங்கா: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சத்துவாச்சாரிப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டதால், வளர்ப்பு நாய்களைச் சங்கிலியின்றி ஓடவிட வேலியிட்ட இடம் ஒன்றை மாநகராட்சியிடம் கேட்கலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சிலரும், பிள்ளைகள் விளையாடவே இடமில்லாத ஊரில் நாய்க்குப் பூங்காவா என்று சிலரும் வாதிடுகிறார்கள். இரண்டாவது கேள்வியை எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஐதராபாத் மாநகராட்சி 2018-இல் கொண்டாப்பூரில் இத்தகைய பூங்காவைத் திறந்தது. ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் தரை கொதிக்கும் வேலூரில் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாமல் நாய் அங்கே கால் வைக்காது. வேலிக்கு வெளியே தெருநாய்கள் கூடிக் குரைத்தால் என்ன செய்வது, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை வாயிலில் யார் சரிபார்ப்பது, நாய் வெளியே ஓடிவிடாமல் தடுக்கும் இரட்டைக் கதவுக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு செலவாகும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மனுவின் மாதிரி இருந்தால் அதையும் பகிருங்கள்.