"எப்பவாவது ஒண்ணு": புகைத்தவரே ஆஸ்பத்திரி பில்லைக் கட்டணுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்க

மூச்சுத்திணறலோடு அப்பாவைச் சேர்த்த அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சிகரெட் உண்டா?" அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எப்பவாவது ஒண்ணு" என்றார். டாக்டர் அவருடைய விரல்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. ஒன்றும் பேசாமல் 'நீண்ட காலப் புகைப்பழக்கம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரிதான் இன்சூரன்ஸ் கிளைமைக் கவிழ்த்தது. இன்சூரன்ஸ் படிவத்தில் அப்பா 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறார், எங்களுக்கே தெரியாது. "புகைத்தவன் கட்டட்டும்" என்று பேசுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது நடந்தே விட்டது. கட்டியது என் சேமிப்பும் தம்பி வாங்கிய கடனும்.

மறுமொழி 1
வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பொய் சொன்னது அவர்தானே? நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை, ஆபீஸ் குரூப் பாலிசியில எனக்கும் பக்கத்து சீட்காரருக்கும் ஒரே பிரீமியம். போன வருஷம் அவருக்கு ஸ்டென்ட் வெச்சாங்க, மூணாம் மாசமே மாடிப்படியில புகை. அமெரிக்காவுல 2010 சட்டம் புகைக்கிறவங்ககிட்ட 50 சதவீதம் வரை கூடுதல் பிரீமியம் வாங்க இடம் கொடுக்குது. அதுல என்ன தப்பு?

மறுமொழி 2
நுரையீரல் வார்டில் செவிலியராக இருக்கிறேன். புற்றுநோயோடு வந்த ஒரு அம்மா வாழ்நாளில் புகைத்ததே இல்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் தாழ்ந்த குரலில் அதையேதான் கேட்டார்கள். கடைசியில் அவரே முந்திக்கொண்டு "நான் பிடிக்க மாட்டேங்க" என்று ஆரம்பித்துவிடுவார். புகைத்தது அவர் கணவர். இந்த பில்லை யார் பெயரில் போடுவது? அடுத்தவர் புகையால் மட்டுமே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் சாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மறுமொழி 3
16 வயசுல ஆரம்பிச்சு 41ல விட்டவன் நான். சிகரெட் மேல போடுற வரியை அத்தனை வருஷமும் கட்டியிருக்கேன், அதையும் கணக்குல சேருங்க. இருமல் வந்து ரெண்டு மாசம் டாக்டர்கிட்ட போகலை, திட்டுவாரேன்னு பயம். காசும் தனியா கேட்பாங்கன்னா போயிருக்கவே மாட்டேன். போனதாலதான் தோல்ல ஒட்டுற நிகோடின் பட்டை கிடைச்சது, விட்டேன். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ரிச்சர்ட் டால் ஆய்வுக் குழு 2004ல சொன்னது: 40 வயசு வாக்குல விட்டா, இழக்கவிருந்த பத்து வருஷ ஆயுள்ல ஒன்பது வரை திரும்பக் கிடைக்கும்.

செலவுக் கணக்கு பேசுறவங்களுக்கு இன்னொண்ணு. 1997ல நெதர்லாந்துக்காரங்க போட்ட கணக்குப்படி, எந்த வயசுல பார்த்தாலும் புகைக்கிறவங்க செலவு கூடுதல், ஆனா சீக்கிரம் போய்ச் சேர்றதால மொத்த ஆயுள் செலவு குறைவு. 2001ல செக் நாட்டு அரசுக்கு இதனால லாபம்னு அறிக்கை தயாரிக்க வெச்ச சிகரெட் கம்பெனி பிலிப் மோரிஸ் அப்புறம் மன்னிப்பு கேட்டுச்சு.

திரியைத் தொடங்கியவர்
மறுமொழி 1க்கு: பொய் சொன்னார்தான், மறுக்கவில்லை. போன வாரம் மறுபரிசோதனை. அதே டாக்டர், அதே கேள்வி. இந்த முறை அப்பா எங்களை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை. "ஒரு நாளைக்குப் பதினெட்டு" என்று சொன்னது கேட்டது. அம்மா கேட்காத மாதிரி பையில் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தார்.