டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) வாங்கிட்டுப் போகலாமா? ஏற்காட்டிலிருந்து குடகுக்குப் பருவ வேலைக்குப் போகும் குடும்பங்கள், பிள்ளைங்க படிப்பு

நாகலூர்ப்பக்கம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மலையில காப்பிப் பழம் எடுத்து முடிஞ்சதும், பொங்கல் கழிச்சு குடகுக்குக் கிளம்புற குடும்பங்க நிறைய. அங்க முதல்ல ரொபஸ்டா காப்பி, பின்னாடி மிளகு. திரும்பி வர ஏப்ரல் கடைசி ஆயிடும்.

ஒரு குடும்பத்துக்காகக் கேக்கறேன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் போறாங்க. பொண்ணு 5ம் வகுப்பு, பையன் 8ம் வகுப்பு, ரெண்டும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. மூணு வயசுல ஒரு குழந்தை. ஊர்ல பாட்டி மட்டும். "எஸ்டேட் பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு, டி.சி. வாங்கிட்டு வந்துடுங்க"ன்னு வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற மேஸ்திரி சொல்லியிருக்கார். மலையாளி சமூகம் (நம்ம மலைப் பழங்குடி, கேரளக்காரங்க இல்ல), ஆனா பொண்ணுக்கு இன்னும் எஸ்.டி. (பழங்குடியினர்) சான்று எடுக்கல.

1. டி.சி. வாங்கறது சரியா?
2. விட்டுட்டுப் போனா எங்க விடறது?
3. போறதுக்கு முன்னாடி என்னென்ன பேப்பர் முடிக்கணும்?

கரும்பலகை

டி.சி. வாங்க வேண்டாம். மூன்று மாத வேலைக்கு டி.சி. எடுப்பதுதான் பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளையின் படிப்பு நிற்கத் தொடங்கும் இடம்.

இங்கே டி.சி. கொடுத்ததும் எமிஸில் (தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் பதிவுத் தளம்) பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். கர்நாடகப் பள்ளி சேர்த்துக்கொண்டால் அவர்களுடைய மாணவர் பதிவுத் தளமான சாட்ஸில் ஏற்றுவார்கள். ஜூனில் இங்கே மறுபடி சேர வேண்டுமானால் அந்தப் பள்ளியும் டி.சி. தந்து, நாடு முழுவதற்குமான யுடைஸ் பள்ளிப் பதிவுத் தளத்தில் பெயரை விடுவித்திருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் அங்கே பள்ளிக்கு விடுமுறை, தலைமை ஆசிரியர் இருக்க மாட்டார். குடும்பம் கையில் காகிதம் இல்லாமல் வண்டி ஏறிவிடும். இங்கே சேர்க்கும்போது "ஏற்கனவே வேறு பள்ளியில் படிக்கிறார்" என்று கணினி காட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி 6 முதல் 14 வயதுப் பிள்ளையின் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. எனவே வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். பதிவு மட்டும் மாதக்கணக்கில் தொங்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு பிற்பாடு தெரியும்.

கல்லூரியில் படிக்கும்போது கிடைக்கும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1,000 ரூபாய்க்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் படிப்பைப் பார்ப்பார்கள் (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களையும் பின்னர் சேர்த்தார்கள்). மருத்துவத்தில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு நீட்டித்ததும் அதே 6 முதல் 12 அரசுப் பள்ளிக் கணக்கில்தான். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் இன்னும் கடுமை: 2020 திருத்தத்துக்குப் பிறகு 1ம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வகுப்பைக் கன்னட வழியில் படித்ததாகப் பதிவானால், 15 வருடம் கழித்துத் தேர்வில் தேறி சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்காரும்போது பிரச்சினை எழும். அப்போது எந்த மேஸ்திரியும் கூட வர மாட்டார்.

இந்தப் பெண் ஜூனில் 6ம் வகுப்பு. கணக்கு அங்கேதான் ஆரம்பம். பையன் அதற்குள் நடுவழிக்கு வந்தாயிற்று. இருவர் பெயரும் இங்கேயே இருக்கட்டும்.

போகும் முன் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பெற்றோர் வெளியூர், பிள்ளை யார் பொறுப்பில், எந்த எண்ணில் அழைக்கலாம். வாயால் சொன்னது வருகைப் பதிவேட்டில் ஏறாது. கடிதம் இருந்தால் "காரணம் தெரியாமல் நின்ற பிள்ளை" என்ற பட்டியலுக்குப் போகும்முன் யாராவது போன் செய்வார்கள்.

மிளகுக்கொடி

ரெண்டாவது கேள்விக்கு வரேன். பாட்டிகிட்ட விடறதா, விடுதியில விடறதா?

பாட்டி நடமாட்டமா இருந்தா பையனை விடலாம். 5ம் வகுப்புப் பொண்ணைப் பாட்டிகிட்ட விட்டா, ரெண்டு வாரத்துல சமையல், தண்ணி, ஆடு எல்லாம் அவ தலையில விழும். ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும், புள்ள இருக்காது. காலை உணவும் மதிய உணவும் 5ம் வகுப்பு வரைக்கும் பள்ளியிலேயே கிடைக்கறதால ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் வழி செஞ்சா போதும். பக்கத்து வீட்டுல ஒருத்தரைப் பேசி, மாசத்துக்கு அரிசியும் கொஞ்சம் காசும் முன்னாடியே குடுத்துட்டுப் போங்க. "பாத்துக்கறோம்"னு சும்மா சொன்னது பிப்ரவரிக்கு மேல நிக்காது.

விடுதின்னா அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிதான் முதல்ல பாக்கணும். ஏற்காட்டு மலைக்குள்ளயே இருக்கு, தமிழ் வழி, சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம், அரசுப் பள்ளிக் கணக்குலயும் வரும். ஆனா ஜனவரியில போய் நின்னா இடம் கிடைக்கறது கஷ்டம். ஜூன் மாசத்துலயே சேத்துடணும். இந்த வருஷம் பாட்டி, அடுத்த வருஷம் 6ம் வகுப்புக்கு உறைவிடப் பள்ளின்னு இப்பவே முடிவு பண்ணுங்க. அபிநவத்துல இருக்கற ஏகலைவா பள்ளிக்கு (பழங்குடிப் பிள்ளைங்களுக்கான உறைவிடப் பள்ளி) 6ம் வகுப்புல நுழைவுத் தேர்வு இருக்கு. அதையும் எழுத வைக்கலாம், எஸ்.டி. சான்று கையில இருந்தா.

விடுதியில எங்க தப்பு நடக்குதுன்னா, லீவுல. அரையாண்டு லீவு, பொங்கல் லீவு, முழு ஆண்டுத் தேர்வு முடிஞ்ச நாள், இந்த மூணுலயும் விடுதியைப் பூட்டுவாங்க. தேர்வு முடியும், மிளகு முடியாது. கூட்டிட்டுப் போக யாரும் வரலன்னா தெரிஞ்சவங்க, தெரியாதவங்க யாரோடயாவது புள்ள வெளிய வந்துடும். அதனால சேக்கும்போதே விடுதிக் காப்பாளர்கிட்ட ரெண்டு பேரோட பேர், போட்டோ, போன் நம்பர், ஆதார் நகல் குடுத்து "இவங்க வந்தா மட்டும் அனுப்புங்க"ன்னு எழுதிக் குடுக்கணும். ஒருத்தர் பேர் பத்தாது. அவரே குடகுக்குப் போயிருப்பார்.

தாலுகா வாசல்

மூணாவது கேள்வி. அவசர வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல எஸ்.டி. சான்று. மத்த சமூகச் சான்று மாதிரி தாசில்தார் தர மாட்டார். 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர்தான். இ-சேவையில விண்ணப்பிச்சு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் வழியா போய், நேர் விசாரணையும் இருக்கும். ஒரு வாரத்துல கிடைக்கற காகிதம் இல்ல. விசாரணைக்குக் கூப்பிடற அன்னிக்கு அப்பா குடகுல இருந்தா விண்ணப்பம் நின்னுடும். அதனால பிள்ளையைச் சேத்த ஜூன், ஜூலையிலேயே போட்டுடணும். இப்ப போடறதா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி விசாரணை முடியுமான்னு வி.ஏ.ஓ.கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. அப்பாவோட சான்று, அப்பா வழி ரத்த சொந்தத்துல யாரோட பழைய சான்று இருந்தாலும், நிலப் பட்டா, அப்பா படிச்ச பள்ளிச் சான்று, எல்லாத்தையும் சேத்து வைங்க.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கறதில்ல. மலையாளி சமூகம் பட்டியல்ல மாவட்டப் பேரோட இருக்கு: சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. சேலத்திலிருந்து பிரிஞ்ச நாமக்கல்லுக்குப் பிரச்சினை இல்ல. ஈரோடு அந்த வரிசையில கிடையாது. ஈரோட்டுப் பக்கம் நிரந்தரமா குடியேறின குடும்பம் அங்க போய்ச் சான்று கேட்டா சிக்கல்தான். கர்நாடகத்துல கேக்கவே வேண்டாம். பூர்வீக ஊர்ல வாங்கிட்டு அப்புறம் எங்க வேணா போங்க. ரேஷன் கார்டையும் ஆதார் முகவரியையும் அவசரப்பட்டு மாத்தாதீங்க.

அடுத்தது ரேஷன். கார்டுல பி.எச்.எச். (முன்னுரிமை) அல்லது ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா)னு போட்டிருந்தா மட்டும் கர்நாடகக் கடையில வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத) கார்டு மாநிலம் தாண்டாது. பாதியை அங்க, மீதியைப் பாட்டி இங்கன்னு வாங்க முடியும். ஆனா பாட்டி பேர் அதே கார்டுல இருக்கணும், கைரேகை விழணும். காப்பி பறிச்ச கையில ரேகை தேஞ்சுபோய் மெஷின் எடுக்காதது சாதாரணம். பத்து விரலையும் முயற்சி பண்ணச் சொல்லுங்க.

பிள்ளைங்க ஆதார்ல 5 வயசுக்கு ஒரு தடவை, 15 வயசுக்கு ஒரு தடவை கைரேகை புதுப்பிக்கணும். அது இல்லாம உதவித்தொகை கணக்குல ஏறறதுல சிக்கல் வரலாம்.

குழந்தை குடகுல பிறந்திருந்தா 21 நாளுக்குள்ள அங்கயே பதிவு பண்ணி, சான்று வாங்கிட்டு வாங்க. ஒரு வருஷம் தாண்டினா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வரைக்கும் போகும், அதுவும் அந்த ஊர்ல. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளியில சேர, ஆதார் எடுக்க, எல்லாத்துக்கும் பிறந்த தேதி ஆதாரம் பிறப்புச் சான்று மட்டும்தான். அப்பா பேர் ஆதார்ல எப்படி இருக்கோ அதே எழுத்துல போடச் சொல்லுங்க. இனிஷியலை அங்க விரிச்சு எழுதிடுவாங்க, இங்க வந்து பொருந்தாது.

நாகலூர்ப்பக்கம்

ரொம்ப நன்றிங்க. டி.சி. வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா அம்மா, பொண்ணையும் சின்னக் குழந்தையையும் விட்டுட்டுப் போக மாட்டேங்கறாங்க. பையனையும் "கீழ நின்னு மிளகு பொறுக்கட்டும்"னு மேஸ்திரி கேக்கறாராம். முன்பணம் வேற வாங்கியாச்சு.

கரும்பலகை

பையன் விஷயத்தில் பேச்சே இல்லை. 14 வயதுக்குள் எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வரை ஆபத்தான வேலையிலும் கூடாது. கீழே பொறுக்கத் தொடங்கும் பையன் பத்து நாளில் ஒற்றை மூங்கில் ஏணியில் இருப்பான். முன்பணம் பெற்றோர் உழைப்புக்கு வாங்கியது, அதில் பையன் சேர்த்தி இல்லை. எத்தனை ரூபாய், என்ன கூலி, எப்படிக் கழிப்பது என்று ஒரு தாளில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பணத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேட்டாலோ, திரும்பிப் போக விடாமல் நிறுத்தினாலோ 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். பிள்ளை விஷயமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம்.

மிளகுக்கொடி

அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. எல்லாப் பாட்டியாலயும் முடியாது, பொண்ணைத் தனியா விட பயப்படறது தப்பும் இல்ல. கரும்பலகை சார் பேப்பர் பக்கம் மட்டும் பாத்துச் சொல்றார்னு எனக்குத் தோணுது. கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்படிப் பண்ணுங்க.

டி.சி. எடுக்காம, இங்க படிக்கற பள்ளியிலிருந்து "இந்த மாணவி இங்கே 5ம் வகுப்பு பயில்கிறார்"னு ஒரு படிப்புச் சான்று, எமிஸ் நம்பர், ஆதார் நகல் வாங்கிக்குங்க. அதை வெச்சு அங்க பக்கத்துப் பள்ளி தலைமை ஆசிரியரைப் பாத்து, பதிவு பண்ணாம வகுப்புல உக்கார அனுமதி கேளுங்க. பலர் சரிம்பாங்க, ஆனா இது அவங்க விருப்பம்தான். சாட்ஸ்ல பேர் ஏத்த வேண்டாம்னு தெளிவாச் சொல்லணும். கன்னடம் புரியலன்னாலும் பகல்ல தோட்டத்துக்குள்ள போகாம ஒரு சுவருக்குள்ள இருப்பா, கணக்கும் கொஞ்சம் ஓடும்.

5ம் வகுப்புக்கு மூணாம் பருவப் புத்தகம் ஜனவரி தொடக்கத்துல வரும். அது கைக்கு வந்த பிறகு கிளம்புங்க. டீச்சர்கிட்ட வாரத்துக்கு எந்தப் பாடம்னு ஒரு தாள் எழுதி வாங்கிடுங்க. வாட்ஸ்அப்புல வீட்டுப்பாடம் அனுப்பச் சொன்னா பல டீச்சருங்க அனுப்பறாங்க. ஆனா எஸ்டேட் லைன்ல (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) சிக்னல் கிடைக்காது, தாள்தான் நம்பகம். முடிஞ்சா ஏப்ரல் தேர்வுக்கு அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் பத்து நாள் முன்னாடி திரும்பிடணும். 8ம் வகுப்பு வரைக்கும் இங்க நிறுத்தி வைக்க மாட்டாங்கதான், அதை நம்பி வருஷாவருஷம் மூணாம் பருவத்தை விட்டா, பின்னமும் வகுத்தலும் தெரியாமலே 9க்கு வந்து நிக்கும்.

சின்னதை அங்கன்வாடியில சேக்கணும். தடுப்பூசி அட்டை, அம்மா ஆதார் ரெண்டும் போதும். இங்க இருக்கற அங்கன்வாடி டீச்சர்கிட்ட முன்னாடியே சொன்னா, போஷன் டிராக்கர்ல (அங்கன்வாடிப் பதிவுச் செயலி) பேரை அங்க மாத்தி விடுவாங்க. திரும்பி வந்ததும் மறக்காம மறுபடி இங்க மாத்தச் சொல்லுங்க.

தாலுகா வாசல்

ஒண்ணு விட்டுப்போச்சு. அசல் காகிதம் எதையும் குடகுக்கு எடுத்துட்டுப் போக வேண்டாம். மழை, எலி, லைன் வீடு. அதுக்கு மேல, மேஸ்திரியோ எஸ்டேட் ரைட்டரோ (கணக்கர்) "வெச்சிருக்கேன்"னு ஆதார், ரேஷன் கார்டை வாங்கிக்கறது நடக்கும். நகல் மட்டும் எடுத்துட்டுப் போகட்டும், போட்டோ ரெண்டு போன்லயும் இருக்கட்டும். பள்ளி சம்பந்தமா இங்க ஏதாவது முரண்டு பிடிச்சா பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்குக் கூப்பிடுங்க.