ஜிக்லேவுக்கு ‘நிறமி அச்சு’ என்ற பெயர் போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஓவியங்களை உயர்தர இங்க்ஜெட்டில் பிரதி எடுக்கும் ‘ஜிக்லே’ (giclée) அச்சுக்குத் தமிழில் ‘பீச்சு அச்சு’ என்ற பெயரை ஐயா ஒருவர் முன்வைத்ததைப் படித்தேன். மூலச்சொல்லின் பொருள் அதுதான். கலிஃபோர்னியாவின் நேஷ் எடிஷன்ஸ் அச்சகத்தில் இருந்த ஜாக் டுகான் 1991-இல், பீச்சுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். ஆனால் மையைப் பீச்சுவது வீட்டு இங்க்ஜெட்டும் செய்கிற வேலை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. தலைமுறை தாண்டி நிற்க வேண்டும் என்று ஓர் ஓவியர் எடுக்கும் பிரதிக்கு அந்தப் பெயர் போதாது.

வேறுபாடு மையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரத்தில் எடுத்தவை சாய மை அச்சுகள். பல சீக்கிரமே வெளிறின. சாயம் கரைந்து தாளின் பூச்சுக்குள் தனித்தனி மூலக்கூறுகளாகப் பரவுகிறது, வெளிச்சம் அவற்றை எளிதில் சிதைத்துவிடுகிறது. நிறமி கரைவதில்லை. நுண்துகளாகவே தங்குவதால், துகளின் மேற்புறம் சிதைந்தாலும் உள்ளே நிறம் மிச்சமிருக்கும். நம் மாவட்டத்து மல்லப்பாடிப் பாறையில் பழங்காலத்தில் வெள்ளையில் தீட்டிய குதிரை வீரர்கள் இன்றும் தெரிகிறார்கள் என்றால், அதுவும் நிறமிதான். ஆகவே ‘நிறமி அச்சு’ என்பதே என் பரிந்துரை. பெயரைக் கேட்டதும் எந்த மை என்று வாங்குபவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, இந்த அச்சுக்கான நெடுநாள் கெடாத தாள் (archival paper). அதற்கு ‘ஆவணத் தாள்’ வேண்டாம். தருமபுரியில் யாரிடம் சொன்னாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தைத்தான் நினைப்பார்கள். ‘நீடுதாள்’ எனலாமா? பருத்தி இழையில் செய்தது, அமிலமோ, தாளை மஞ்சளாக்கும் மரப்பொருளான லிக்னினோ இல்லாதது, பெரும்பாலும் அமிலத்தைத் தடுக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்தது என்று விளக்கத்தில் எழுதிவிடலாம். ஒளிர்வூட்டி, அதாவது தாளை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம், சேர்த்த தாள்களை இந்தப் பெயரில் அடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாங்கும்போது பளிச்சென்று இருக்கும், அப்புறம் ஒளிர்வூட்டி செயலிழந்து வெள்ளை மங்கிவிடும்.

கேன்வாஸுக்குக் ‘கித்தான்’ ஏற்கெனவே இருக்கிறது, ‘கித்தான் நிறமி அச்சு’ சரியாக வரும். அதன்மேல் பூசும் வார்னிஷை வார்னிஷ் என்றே விடுவோம், பெயிண்ட் கடையில் அப்படித்தான் கேட்கிறோம்.

‘நீடுதாள்’ பற்றி மட்டும் மற்றவர்கள் சொல்லுங்கள். ‘நெடுநாள் தாள்’ இன்னும் எளிதாக இருக்குமோ என்றும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து